அத்தியாயம் 9: துருப்பிடித்த பெட்ரோல் ஃபில்லர் பைப்பை மாற்றுதல்

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்கு மலைமேல் வரை காரிலேயே போய்விடலாம். என் 1997 மாடல் மாருதி 800-இன் வியாதியைக் காட்டிக்கொடுத்தது அந்த ஏற்றம்தான். காலையில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டிருந்தேன். மேலே சரிவில் நிறுத்தி இறங்கியதும் குப்பென்று பெட்ரோல் வாடை. பின்சக்கரத்தருகே குனிந்து பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வீட்டுக்கு வந்து சமதரையில் நிறுத்தினேன். ஒரு சொட்டு இல்லை. பெட்ரோல் பாதிக்கு இறங்கிய பிறகு மலையிலும் ஒழுகவில்லை. அதை நம்பி இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். அது முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள்.

டேங்கின் அடியில் ஓட்டை விழுந்தால் எப்போதும் ஒழுகும். நிறைய நிரப்பினால் மட்டும், சாய்த்து நிறுத்தினால் மட்டும், வளைவில் திரும்பினால் மட்டும் ஒழுகினால் பெரும்பாலும் ஓட்டை டேங்குக்கு மேலே இருக்கிறது. அதாவது, நாம் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க் வரை இறங்கும் இரும்புக் குழாயில். கடைக்காரர்கள் இதை ஃபில்லர் பைப் என்பார்கள், ஃபில்லர் நெக் என்பார்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. மழையில் ஓட்டிய மறுநாள் இன்ஜின் திக்கித் திணறும்: ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பெட்ரோல் ஃபில்டரில் செம்பொடி சேரும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் பெட்ரோல் வாடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே துருப்பிடிக்கிறது?

பைப் பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்புறம் ஒளிந்து கிடக்கிறது. சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுக்க அதன்மேல்தான். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துச் செம்மண்ணும், கிருஷ்ணகிரி கிரானைட் லாரிகள் சாலையில் சிந்திப் போகும் கல்தூளும் பைப்புக்கும் தகட்டுக்கும் இடையே அடைந்துகொண்டால் கோடையில்கூட அந்த இடம் முழுதாகக் காயாது. வெளியிலிருந்துதான் அரிக்கும். அதிலும் முதலில் ஓட்டை விழுவது பைப்பைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு அடியில். விரலால் தடவினால் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பிராக்கெட்டைக் கழற்றினால் அங்கே சல்லடை.

தமிழில் துரு, கன்னடத்தில் துக்கு, தெலுங்கில் துப்பு. ஓசூர் கடைத்தெருவில் மூன்றில் எதைச் சொன்னாலும் புரியும்.

ஒட்டு வேலை வேண்டாம்

"பசை வச்சு அடைச்சுட்டா ரெண்டு வருஷம் தாங்கும் சார்" என்று ஒரு பட்டறைத் தம்பி சொன்னார். அடைத்தோம். நாற்பது நாள் தாங்கியது. எபாக்சிப் பசை காய்ந்தால் கல். பைப்போ வண்டியோடு அதிர்ந்துகொண்டே இருக்கும். பசைக்கு அடியில் இருக்கும் துருச் செதில் கழன்றால் பசையும் கழலும். வண்டியில் இருக்கும்போதே கேஸ் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். காலி டேங்க் என்றால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். நிறைந்த டேங்கை விடக் காலி டேங்கே ஆபத்து. எரிவது திரவம் அல்ல, ஆவி.

நீங்களே செய்யக் கூடாத வண்டிகள்

எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட் பொருத்திய வண்டி. டேங்கை இறக்கினால்தான் பைப் வரும் என்ற அமைப்புள்ள வண்டி. டேங்கின் வாயே துருப்பிடித்த வண்டி. இவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பைப் எங்கே கிடைக்கும்?

முதலில் ஆர்.சி.யை எடுத்து சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் அந்த எண்ணைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஒரே பெயருள்ள கார் என்பதால் கார்புரேட்டர் வண்டியின் பைப்பும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் பைப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டேங்கின் காற்று வெளியேறும் மெல்லிய காற்றுக் குழாய் ஏறும் இடம் மாறும், வாயின் அகலம் மாறும்.

கவுண்டரில் இல்லை என்றால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கிறது. பழைய மாடல்களுக்கு அங்கே அலசினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். தமிழிலேயே பேரம் பேசலாம். ஞாயிறன்று போய் ஏமாறாதீர்கள். சிவாஜிநகரிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ கழற்றிய பைப் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். உங்கள் பைப்புக்கு என்ன வயதோ அதற்கும் அதே வயதுதான்.

எங்கும் கிடைக்காத மாடல் என்றால் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிப்காட்டைச் சுற்றி பைப் வளைக்கிற, ஆர்கான் வெல்டிங் வைக்கிற சிறு பட்டறைகள் நிறைய. ஒரே ஒரு பீஸ் என்றால் முதலில் முகம் சுளிப்பார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்துப் போய்க் கேளுங்கள். சொல்ல வேண்டியது நான்கு விஷயம்:

1. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். நாகமுலாம் பூசிய இரும்பு வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் நாகத்துக்கும் ஆகாது.
2. ரப்பர் ஹோஸ் ஏறும் முனையில் சுற்றிலும் ஒரு மேடு எழுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் ஹோஸ் ஒருநாள் நழுவும்.
3. வளைவில் குழாய் நசுங்கக் கூடாது. நசுங்கினால் பங்க்கில் நாசில் அடிக்கடி 'டக்' என்று நின்றுபோகும்.
4. மூடி உட்காரும் வாய்ப்பகுதி பழையதைப் போலவே இருக்க வேண்டும். பழைய வாயையே வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள்.

மாதிரிக்குப் பழைய பைப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். கழற்றியதும் நேராகப் பட்டறைக்கு எடுத்துப் போகக் கூடாது. அங்கே தீப்பொறி பறக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் திறந்தவெளியில் காயவைத்து, வாடை துளியும் இல்லை என்றான பிறகே கொடுங்கள்.

ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள்

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை (ஈ20) நாட்டுக்கு அறிமுகம் செய்த விழா நடந்தது பக்கத்து பெங்களூருவில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. இன்று ஏறக்குறைய எல்லா பங்க்கிலும் அதுதான். பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. இறுகும், உப்பும், வெடிக்கும். பைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டினால் பாதி வேலை செய்ததாகத்தான் கணக்கு. பெரிய ஹோஸ் ஒன்று, காற்றுக் குழாய்க்கான சின்ன ஹோஸ் ஒன்று, புது கிளாம்ப் நான்கு, மூடியின் ரப்பர் வாஷர் ஒன்று. ஹோஸ் வாங்கும்போது ஈ20 தாங்குமா என்று கேட்டு, அதன்மேல் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள். அளவு பொருந்துகிறதே என்று ரேடியேட்டர் ஹோஸை மாட்டுபவர்கள் உண்டு. சில மாதத்தில் அது வெண்ணெய்போல ஆகிவிடும்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். பத்தடி தள்ளி இருக்கும் நெருப்பைக்கூட அது தேடிப் போகும்.

• திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம். சர்வீஸ் பள்ளத்தின் மேல் நிச்சயம் வேண்டாம்.
• சுற்றுமுற்றும் பாருங்கள்: சமையலறை ஜன்னல், துளசி மாடத்து விளக்கு, ஊதுபத்தி, இஸ்திரிப் பெட்டி, தானாக ஓடி நிற்கும் தண்ணீர் மோட்டார், இன்வர்ட்டர். மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் வேலையை முடிக்கும்படி காலையிலேயே தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.
• பருத்தி உடை. நைலான், பாலியஸ்டர் உரசினால் நிலைமின்சாரம். கண்ணாடியும், பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் கையுறையும் வேண்டும்.
• 2 கிலோ உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வாளி மணலோடு. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
• டிரில்லர், கிரைண்டர், குண்டு பல்ப் விளக்கு எதுவும் கிட்டே வரக் கூடாது.
• தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனால் போதும், ஆஸ்பத்திரிதான். கையால் அழுத்தும் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பெட்ரோலை எதில் பிடிப்பது? தகர கேனில். பெட்ரோலியச் சட்டம் 1934-இன்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக்கமாக மூடிய, 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கலத்தில். மினரல் வாட்டர் பாட்டிலுக்கு அதில் இடமில்லை. கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். வண்டியின் டிக்கியில் வைத்து அல்ல.

முந்தைய வாரமும் முந்தைய இரவும்

1. வண்டியை ஓட்டியே பெட்ரோலைக் குறையுங்கள். மாருதி 800-இன் டேங்க் 28 லிட்டர். 5 லிட்டருக்குக் கீழே வரட்டும். எடுத்து ஊற்றுவதைவிட ஓட்டித் தீர்ப்பதே பாதுகாப்பு.
2. மட்கார்டின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஹோஸைக் கழற்றிய பிறகு கழுவினால் சேறு டேங்குக்குள் போகும்.
3. எல்லா திருகுகள், நட்டுகள், கிளாம்புகள் மேலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். பெட்ரோல் வாயைச் சுற்றி இருக்கும் சின்னத் திருகுகள்தான் வம்பு. சுத்தியலால் தட்டித் திருப்ப வேண்டியிருந்தால் இந்த இரவே, மூடி இறுக மூடியிருக்கும்போதே அசைத்துப் பார்த்துவிடுங்கள்.
4. செல்போனில் நாலாபுறமும் படம் எடுங்கள். மறுநாள் போன் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கழற்றும் வரிசை

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளை ஒரு சுற்று இளக்கி, ஜாக்கியில் தூக்கி, குதிரை ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் அது தாங்கும்.

2. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் வாயைத் திறக்கும்முன் செய்ய வேண்டியது இது. திறந்த பிறகு கழற்றினால் அந்த ஒரு பொறி போதும்.

3. மூடியை மெதுவாகத் திறந்து உள்ளழுத்தத்தை வெளியே விடுங்கள். மிச்சப் பெட்ரோலைப் பம்பால் எடுத்துத் தகர கேனை மூடி, வீட்டைவிட்டுத் தள்ளி நிழலில் வையுங்கள்.

4. மட்கார்டுக்குள் பிளாஸ்டிக் தட்டி இருந்தால் கழற்றுங்கள். பைப் முழுதாகத் தெரியும். தடித்த குழாய் பெட்ரோலுக்கு, அதை ஒட்டி இறங்கும் மெல்லிய குழாய் காற்றுக்கு. டேங்கில் பெட்ரோல் இறங்க, உள்ளிருக்கும் காற்று இதன் வழியே வெளியேறும்.

5. கீழே டேங்க் பக்கத்துக் கிளாம்புகளை இளக்குங்கள். திருகு சுற்றவில்லையா? கிளாம்பை அறுக்கப் போகாதீர்கள். ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான். கூர்மையான கத்தியால் ரப்பரையே நீளவாக்கில் கீறி உரியுங்கள். டேங்கின் வாயில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஹோஸ் கழன்ற அடுத்த நொடியே டேங்கின் இரண்டு வாய்களையும் அடையுங்கள். அளவான ரப்பர் கார்க் நல்லது. துணி என்றால் வெளியே வால் தொங்கும் அளவு பெரிய துணி. சின்னத் துணி உள்ளே நழுவிவிட்டால் டேங்கையே இறக்க வேண்டியதாகிவிடும்.

7. மேலே வாயைச் சுற்றிய திருகுகள், பிறகு நடுவில் இருக்கும் பிராக்கெட். பிராக்கெட்டைக் கடைசியாகக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பைப் தொங்கிக்கொண்டு முகத்தில் இடிக்கும். பைப்பைக் கொஞ்சம் சுழற்றிச் சுழற்றிக் கீழ்நோக்கி இழுத்தால் வரும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு, நீளம், பிராக்கெட்டின் துளை, காற்றுக் குழாயின் இடம். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் வளைத்துப் பொருத்தலாம் என்று நினைக்காதீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

இப்போதே மட்கார்டின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். தகட்டில் துரு இருந்தால் கையால் கம்பிபிரஷ் போட்டுத் தேய்க்கலாம். தேய்க்கும்போது டேங்க் வாய்கள் அடைத்தே இருக்க வேண்டும். தூரிகையால் பிரைமர் பூசிக் காயவிடுங்கள். டேங்கின் வாயில் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் இத்தோடு நிறுத்துங்கள். அது அடுத்த நிலை வேலை.

மாட்டும் வரிசை

1. புது ஹோஸ்களைப் பைப்பின் கீழ்முனையில் முதலில் ஏற்றிவிடுங்கள், கிளாம்புகளையும் இளக்கமாகக் கோத்துவிடுங்கள். ஹோஸ் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம்.

2. பைப்பைக் கீழிருந்து மேலே நுழைத்து, வாயைச் சுற்றிய ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வையுங்கள். இந்த வளையம் மடங்கினால் மழைத் தண்ணீர் நேராகப் புதுப் பைப்பின் மேல் இறங்கும்.

3. மேல் திருகுகளை இரண்டு சுற்று, பிராக்கெட் போல்ட்டை இரண்டு சுற்று. எதையும் இறுக்காதீர்கள். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான்: மேலே இறுக்கிவிட்டுக் கீழே இழுத்துப் பொருத்துவார்கள். ஹோஸ் எப்போதும் இழுபட்டபடியே இருந்து, ஆறே மாதத்தில் கிழியும்.

4. டேங்க் வாயின் அடைப்பை எடுத்து, ஹோஸை மேட்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலே அல்ல.

5. காற்றுக் குழாயின் ஹோஸ் எங்கும் மடியக் கூடாது. மடிந்தால் பங்க்கில் பெட்ரோல் இறங்காமல் முகத்தில் அடிக்கும்.

6. இப்போது இறுக்குங்கள்: முதலில் மேல் திருகுகள், பிறகு பிராக்கெட், கடைசியில் கிளாம்புகள். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் கிளாம்ப் ரப்பரை அறுக்கும்.

7. எர்த். பங்க்கில் பெட்ரோல் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பைப் வழியே வண்டியின் உடம்புக்குப் போய்ச் சேர வேண்டும். பவுடர் கோட்டிங் போட்ட அழகான பைப்பில் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் இருந்தால் அந்த வழி அடைபடும். அங்கே மட்டும் சுரண்டி உலோகம் தெரியவையுங்கள். பழைய பைப்பில் எர்த் ஒயர் இருந்திருந்தால் மறக்காமல் மாட்டுங்கள். மல்டிமீட்டரில் பைப்பின் வாய்க்கும் பாடிக்கும் இடையே 'பீப்' சத்தம் கேட்க வேண்டும். பட்டறைகளில் நான் பார்த்தவரை இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை.

8. பிளாஸ்டிக் தட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் அடுத்த மழைக்காலத்திலேயே பழைய கதை தொடங்கும். பேட்டரி ஒயர் கடைசி. அதற்குமுன் மூடி மூடியிருக்க வேண்டும், வாடை முழுக்கப் போயிருக்க வேண்டும்.

சோதனை

கேனில் இருப்பதைப் புனல் வைத்து ஊற்றுங்கள். அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் விடுங்கள். தாளில் கறை இல்லை என்றால் பங்க்குக்குப் போகலாம். முதல்முறை 10 லிட்டர் போட்டுப் பாருங்கள். நாசில் நிற்காமல் ஓடுகிறதா? பிறகு நாசில் தானாக நிற்கும் வரை. அதற்கு மேல் கழுத்துவரை நிரப்பச் சொல்லாதீர்கள். பைப் பக்கம் தாழும்படி ஒரு சரிவில் 10 நிமிடம் நிறுத்தி, இணைப்புகளை உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். இருட்டாக இருக்கிறதென்று லைட்டர் பிடித்துப் பார்த்தவர்கள் கதை நமக்கு வேண்டாம். மறுநாள் காலையும், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகும் கிளாம்பை ஒருமுறை சரிபாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் படிந்துகொடுக்கும்.

15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகிற வண்டி என்றால் இந்த வேலையை முன்பே முடித்துவிடுங்கள். பெட்ரோல் வாடையோடு ஆய்வுக்குப் போவது வீண் அலைச்சல்.

பழைய பைப்

பழைய பைப்பைக் காயவைக்காமல் இரும்புக் கடையில் போடாதீர்கள். அங்கே கேஸ் கட்டர் வைத்து வெட்டுகிறவருக்கு அது எந்த வண்டியின் எந்தக் குழாய் என்று தெரியாது. எடை போடும்போதே "இது பெட்ரோல் பைப்புங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.